வருஷத்துக்குக் கீழே

என் நிச்சயதார்த்தத் தட்டில் வைத்த காசை எடுத்துத் திருப்பிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

எழுபதுகளின் கடைசி. குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தரப்புப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, மஞ்சள். அதன்மேல் ஒரு ரூபாய் நோட்டும் ஒரு நாலணாவும். அப்பா தட்டை நீட்ட, மாப்பிள்ளையின் அப்பா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அண்ணன் சட்டென்று கையை நீட்டி அந்த நாலணாவை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் தேய்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எங்கள் தரப்பில் ஏதோ குறை வந்துவிட்டது, சம்பந்தம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அப்பா தறிக்காரர். பாவு நூல் நடுவில் அறுந்தால் அவர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போய்விட்டது.

"காசு செல்லாதுங்களா?" என்று கேட்டார்.

"செல்லும், செல்லும்," என்றார் அவர், கண்ணைக் காசிலிருந்து எடுக்காமல். "ஐதராபாத்துது. ஸ்டாரு கொஞ்சம் பெருசா விழுந்துக்கீது. இத நான் எடுத்துக்கட்டுமா?"

தன் சட்டைப் பையிலிருந்து வேறொரு நாலணாவை எடுத்துத் தட்டில் வைத்தார். அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அன்று ராத்திரி அம்மா என்னிடம் கேட்டாள்: "காசையே இப்டித் திருப்பிப் பாக்கறவங்க, வர்ற பொண்ண இன்னா பண்ணுவாங்களோ?" எனக்கும் அதே பயம்தான்.

கல்யாணமாகி ஆம்பூருக்குப் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. காசில் வருஷம் போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு குறி இருக்கும். எந்த ஊரில் அடித்த காசு என்பதற்கு அது அடையாளம். பம்பாய் என்றால் ஒரு டைமண்ட். ஐதராபாத் என்றால் நட்சத்திரம். அதே ஐதராபாத்தின் பழைய காசுகளில் டைமண்ட் நடுவில் பிளந்திருக்கும், இல்லையென்றால் அதன் வயிற்றில் ஒரு புள்ளி இருக்கும். கல்கத்தாவுக்கு எதுவும் கிடையாது. அவர் அதை "மொட்டை" என்பார். நமக்கு ஒரே பத்து பைசாவாகத் தெரிவது அவருக்குப் பல காசு. டைமண்டிலும் குண்டு, ஒல்லி. நட்சத்திரத்திலும் கால் விரிந்தது, கால் ஒடுங்கியது. கிடைத்ததையெல்லாம் காலித் தீப்பெட்டிகளில் போட்டு, தீப்பெட்டிகளை ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தோல் டேனரியில் வேலை. என் வீட்டுக்காரர் பேக்கிங்கில். அண்ணன் செலக்டர். பதனிட்டு, சாயம் போட்டு வந்த ஆட்டுத்தோலை மேஜையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாம் பார்த்து, ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிக்கிற வேலை. அவர் ஒன்றாம் தரம் என்று தள்ளிய தோலை இன்னொருவர் எடுத்துப் பார்க்கமாட்டார். வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. சட்டையில் தையல் பிசகியிருந்தால் தெரியும். சோற்றில் கல் இருந்தால் வாயில் போகும் முன்பே விரல் எடுத்துவிடும். என் தலையில் பூ வாடியிருந்தால்கூட, "ஏம்மா, நேத்து பூவா?" என்பார்.

அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "பாக்காம விட்டா போச்சு." ஒரு காசு கையைவிட்டுப் போனால் திரும்பி வராது, பார்க்காமல் விட்ட காசுதான் தேடின காசாக இருந்திருக்கும் என்பது அவர் எண்ணம். அதைச் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ரயில் கிளம்பிவிடுமோ என்று ஓடுகிறவன் முகம் அவருக்கு எப்போதும்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அந்த டின்னைக் கண்டாலே ஆகாது. ஒரு காசைக்கூட அவள் திருப்பிப் பார்த்தது கிடையாது. "காசுன்னா குடுக்கணும், வாங்கணும். இது இன்னா பேஜாரு," என்பாள். அவளுக்கு எதையும் பூசி மெழுகிப் பேசத் தெரியாது. குழம்பு நன்றாக இல்லை என்றால் செய்தவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

ஒருமுறை அவர், அக்கா, நான் மூன்று பேரும் வேலூருக்குப் புடவை எடுக்கப் போனோம். பஸ் பள்ளிகொண்டா தாண்டியிருக்கும். கண்டக்டர் சில்லறை கொடுத்துவிட்டு நகர்ந்தார். இவர் எழுந்து பின்னாலேயே போய், "அந்தப் பத்து பைசாவ இன்னொரு வாட்டி காட்டுப்பா, பைக்குள்ள போட்டியே," என்று கண்டக்டரின் தோல்பைக்குள் எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் இருந்த ஒருவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"பைக்குள்ள கைய விடறான் பாரு."

பஸ்ஸில் எல்லாரும் திரும்பினார்கள். யாரோ பஸ்ஸை நிறுத்தச் சொன்னார்கள். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அவரோ பிடிபட்ட கையைப் பற்றிக் கவலைப்படவில்லை. கண் அந்தத் தோல்பை மேலேயே இருந்தது. அக்கா எழுந்துபோய் அந்த ஆளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"திருடன்லாம் இல்லீங்க. பைத்தியம். விடுங்க."

அவள் சொன்ன தோரணையில் அந்த ஆள் விட்டுவிட்டார். வேலூர் வரும்வரை நான் தலை நிமிரவில்லை. அவர் மட்டும் இறங்கும்போது, "இன்னாவா இருந்திருக்கும்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

மாமனார் செத்துப்போனபோது நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை ஒட்டியிருந்தார்கள். மூத்த மகன் என்பதால் எல்லாக் காரியமும் அவர் கையால் நடந்தது. பாடையில் ஏற்றுவதற்கு முன் அவர் குனிந்தார். அப்பாவின் முகத்துக்கு வெகு பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய், அப்படியே இருந்தார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "அப்பன் மேல எத்தினி பாசம் பாரு," என்றாள் ஒருத்தி. நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். அவர் பார்வை மூடின கண்ணில் இல்லை, வாயில் இல்லை. நெற்றியில் இருந்தது. சந்தனம் கொஞ்சம் மறைத்திருந்த இடத்தை மோதிரவிரல் நுனியால் மெல்ல ஒதுக்கினார்.

வேறு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, கிணற்றடியில் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து நின்றார். நான் பார்த்தது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அது மொட்டைம்மா. கல்கத்தா," என்றார்.

நான் அலசின துணியைப் பிழிந்தேன்.

"அப்பா மொகம் அன்னிக்கு எப்டி இருந்துச்சின்னு நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். வரமாட்டேங்குது. காசுதான் வருது." கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு ஞாபகம் இருக்கா, மொகம்?"

"தூங்கற மாதிரிதான் இருந்தாங்க, மாமா."

"அப்டியா," என்றார். அந்த "அப்டியா"வை நான் அதன்பிறகு வேறு யார் வாயிலும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது.

பிறகு சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. கடைகளில் மீதிக்காசுக்குப் பதில் மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் ஒருநாள் இன்னும் இரண்டு பேரோடு வாசலில் வந்து நின்றார். "உங்க ஊட்ல சில்லறை மூட்டையா கீதாமே. ஊரே பேசுது," என்றார். அண்ணன் எழுந்து வாசலுக்கு வந்தார். அக்கா உள்ளே போய் டின்னைத் தூக்கிவந்து அவர்கள் காலடியில் வைத்துத் திறந்தாள். இரண்டு தீப்பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். "எடுத்துனு போங்க. எனக்கும் பேஜார் தொலையும்." கறுத்துப்போன பைசாக்கள் உருண்டன. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து, கலந்துபோன அந்தக் காசுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டில் அடித்த ரூபாய்க் காசுகள் புழக்கத்துக்கு வந்தன. வருஷத்துக்குக் கீழே இங்கிலீஷ் எச் எழுத்து போட்ட காசு வருகிறது என்று டேனரியில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வேலை விட்டு வந்ததும் ஒரு ரூபாயை என்னிடம் நீட்டினார்.

"கீழ இன்னா இருக்கு பாரும்மா."

அதுவரை அவர் யார் கையிலும் காசைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னதில்லை. நான் பெருமையாக வாங்கிப் பார்த்தேன். "டைமண்ட், மாமா," என்றேன். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒருநாள் எச் வந்தேவிட்டது. "எச், மாமா," என்றேன். "நல்லா பாத்துச் சொல்லு." "எச்தான்." காசை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு, முகத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு எதுவும் பேசாமல் பையில் போட்டுக்கொண்டார். தேடின காசு கிடைத்தவர் முகமாக அது இல்லை.

அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். சொம்பிலிருந்து தம்ளருக்கு ஊற்றும் தண்ணீர் பக்கத்தில் சிந்தியது. தெருமுனையில் எதிரே வந்த என்னை, நான் குரல் கொடுக்கும்வரை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார். ஒரு தோலை எப்படிப் பார்க்கிறார் இவர் என்ற எண்ணம் வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சும்மா இரு. அண்ணன் கண்ணு தப்பாது," என்றார். ஆனால் மறுநாள் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம். முற்றத்துத் துணி துவைக்கும் கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். தம்பியைக் கூப்பிட்டு ஒரு காசைக் கொடுத்தார்.

"டைமண்டுதானே?"

என் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். "ஆமாண்ணா. டைமண்டுதான்."

அவர் காசைத் திரும்ப வாங்கி என் பக்கம் நீட்டினார். "நீ சொல்லு."

பார்த்தேன். ஐந்து காலும் தெளிவாக இருந்த நட்சத்திரம். என் வீட்டுக்காரர் எனக்கு நேராக நின்று, சொல்லாதே என்று தலையை ஆட்டினார். இரண்டடி தூரத்தில் ஆடும் அந்தத் தலை அண்ணனுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் முழுசாகப் பிடித்தது.

"ஸ்டார், மாமா," என்றேன்.

அவர் எங்களில் யாரையும் குறை சொல்லவில்லை. எழுந்தார். செருப்பின் வாரைக் காலாலேயே துழாவி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு சில நாளிலேயே டேனரிக்கு ஒரு லாட் சரக்கு திரும்பி வந்தது. மெட்ராஸில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போன தோல். ஒன்றாம் தரக் கட்டுகளில் உண்ணித் தழும்பு விழுந்த தோல்கள் ஏராளம். செலக்டரை யாரும் சந்தேகப்படவில்லை. அவர் கண் அப்படிப் பேர் வாங்கியது. இரண்டாம் தரத்தை ஒன்றாம் தரத்தோடு கலந்து கட்டியது பேக்கிங்கில் இருந்த தம்பிதான், நல்ல தோலை வெளியே விற்றுவிட்டுத் தெரிந்தே செய்திருப்பான் என்று மேனேஜர் முடிவுகட்டினார். விசாரணை முடிகிறவரை என் வீட்டுக்காரரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். எனக்கு அப்போது ஏழாம் மாசம்.

தினமும் காலையில் அண்ணன் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார். தம்பி வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் இருவரும் ஒரே அடுக்களையில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிடுவார்கள். "நீங்க போயி சொல்லுங்களேன்," என்று நான் என் வீட்டுக்காரரைக் கெஞ்சினேன். "அண்ணனுக்குக் கண்ணு தெரியலன்னு என் வாயால சொல்லமாட்டேன். வேலை போனா போவட்டும்," என்றார். திருட்டுப் பட்டத்தோடு வெளியே வந்தால் அந்த ஊரில் எந்த டேனரியிலும் சேர்க்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

உடைத்தது அக்காதான். சாப்பாட்டின் நடுவில், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் புருஷனிடம் சொன்னாள்:

"உங்களுக்குக் கண்ணு தெரியல. முன்னெல்லாம் கல்லு இருந்தா வாய்க்குப் போறதுக்கு முன்னாடி எடுப்பீங்க. இப்போ கடிச்சிட்டு சும்மா முழுங்கறீங்க. நான் பாத்துனுதான் இருக்கேன்."

அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர், "அண்ணி, விடுங்க," என்றார்.

"இன்னாத்த விடறது? ஊட்ல ஒருத்தன் திருடன்னு பேர் வாங்கினு குந்தியிருக்கான்."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் விசாரணை. என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரிய முதலாளியே வந்து உட்கார்ந்திருந்தாராம். வயசான பாய், அதிகம் பேசாதவர். மேனேஜர் பேச ஆரம்பித்ததும், கூப்பிடாமலேயே அண்ணன் உள்ளே வந்தார். முதலாளியின் மேஜைமேல் இரண்டு பத்து பைசாவை வைத்தார்.

"முதலாளி, இதுல ஒண்ணு பம்பாய். ஒண்ணு ஐதராபாத். எது எதுன்னு எனக்குத் தெரியல."

முதலாளிக்குப் புரியவில்லை. "இன்னாப்பா சொல்ற?"

"கொஞ்ச நாளா தோல்ல தழும்பும் தெரியல. கையால தடவித் தடவிப் பாத்துனு இருந்தேன். அந்த லாட்டு என் டேபிள்லேந்து போவும்போதே தப்பா போச்சி. தம்பி கட்டினதோட சரி. பிரிச்சது நான்."

முதலாளி அந்தக் காசுகளையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "இத ஏன் முன்னாடியே வந்து சொல்லல நீ?"

"காசுங்கதான் தேஞ்சி போச்சின்னு நெனச்சேன், முதலாளி."

இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

என் வீட்டுக்காரரை மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். அண்ணனை வாட்ச்மேனாகக் கேட்டில் உட்காரச் சொல்லி முதலாளி கேட்டுப் பார்த்தார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "யார் வர்றாங்கன்னே தெரியாது. கேட்ல இன்னாத்துக்கு?" என்றாராம்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். பல வருஷமாகவே இருந்திருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரையில் ரத்தம் கசிந்து கசிந்து கெட்டுப்போயிருக்கிறது, இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைக் கொண்டுவர முடியாது என்றார் டாக்டர். வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும். முகம் தெரியாது.

வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவர் காசை விடவில்லை. பையன் பிறந்து, அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தால், கையில் காசோடு காத்துக்கொண்டிருப்பார். நான் பார்த்துச் சொல்லவேண்டும். அதுதான் எனக்குப் பெரிய வேதனையாகப் போயிற்று. ஒரே காசை, நடுவில் வேறு சிலது கொடுத்துவிட்டு, மறுபடியும் நீட்டுவார். நான் முன்பு சொன்னதையே சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. சில காசுகள் நிஜமாகவே தேய்ந்திருக்கும். முதலில் டைமண்டாகத் தெரிந்தது பிறகு வெறும் புள்ளியாகத் தெரியும். மாற்றிச் சொல்லிவிட்டால் அவர் முகம் இருண்டுவிடும். பரீட்சை எழுதுகிறவள் மாதிரி நான் உட்கார்ந்திருப்பேன்.

"நான் இன்னாத்துக்கு மாமா உங்ககிட்ட பொய் சொல்லப்போறேன்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நீ நல்ல பொண்ணும்மா," என்றார். "நல்ல பொண்ணுங்கதான் பொய் சொல்லும். தம்பியும் நல்லவன்தான். சொல்லலியா?"

ஒரு மழைக்காலத்தில், கீரைக்காரி கொடுத்த சில்லறையில் ஒரு பழைய பத்து நயா பைசா வந்தது. ஓரம் வளைந்து வளைந்து இருக்குமே, அது. எடுத்துப் பார்த்தேன். வருஷத்துக்குக் கீழே டைமண்ட் நடுவில் பிளந்திருந்தது. கொண்டுபோய்ச் சொன்னேன். வருஷத்தைக் கேட்டார். சொன்னேன்.

"அந்த வருஷத்துல பொளந்தது வராது," என்றார். "புள்ளி வச்சதுதான் வரும். நான் பாத்த வரைக்கும் அப்டித்தான்."

"பொளந்துதான் இருக்குது, மாமா."

"எனக்காவச் சொல்ற."

அன்று அவருக்கு வந்த தவிப்பை என்னால் மறக்க முடியாது. காசைக் கையில் மூடிக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். தபால்காரரை நிறுத்திக் காட்டியிருக்கிறார். பிரியாணிக் கடைக் கல்லாவில் காட்டியிருக்கிறார். "இது பொளந்திருக்கா, பாருங்க," என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? பார்வை போன மனிதர், மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபோது வேட்டி முழங்கால்வரை சேறு. ஹைவேயில் எப்படி ரோடு தாண்டினாரோ தெரியவில்லை. சாப்பிடமாட்டேன் என்றார். சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வந்துவிடும், ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருக்கிறார். நான் தட்டோடு நின்றேன். "எல்லாரும் ஆமாங்கறாங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒருத்தன்கூட உண்மைய சொல்லல."

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "இங்க குடுங்க அந்த எழவ," என்று அவர் கையைப் பிரித்துக் காசை எடுத்தாள்.

அவர் நிமிர்ந்தார். "கீழ இன்னா இருக்கு?"

"எதுக்குக் கீழ?"

"நாலு நம்பர் இருக்குது பாரு, வருஷம். அதுக்குக் கீழ."

அக்கா வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். முந்தானையால் காசைத் துடைத்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு டைமண்ட் தெரியாது, ஸ்டார் தெரியாது. எது வந்தால் அவருக்குச் சந்தோஷம், எது வந்தால் வருத்தம் என்றும் தெரியாது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னாமோ கீது," என்றாள். "எறும்பு வாயப் பொளந்துனு இருக்கற மாதிரி. ரெண்டு துண்டா. நடுவுல கோடு."

"கோடா?"

"ஆமா, கோடு. இதுக்கா மழைல போயி ரோட்ல வுழுந்து சாவப் பாத்தீங்க?"

அவர் கையை நீட்டினார். அக்கா காசை அதில் வைத்தாள். அவர் அதைத் தீப்பெட்டியில் போடவில்லை, பையிலும் போடவில்லை. விரல்களை மூடி மடியில் வைத்துக்கொண்டார். தோள் மெல்லக் கீழே இறங்கியது. ரயிலைப் பிடித்து உட்கார்ந்துவிட்ட ஆள் மாதிரி இருந்தார்.

"சோறு போடும்மா," என்றார் என்னிடம்.

மறுநாள் மத்தியானம் நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. டின்னை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குறிகளின் பேர்கள் எதையும் அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் பாட்டுக்குத் தன் வாய்க்கு வந்ததைச் சலிப்போடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பூ மாதிரி. இதுவும் பூ. இதுல ஒண்ணுமில்ல. இது எள்ளு. இது..." கொஞ்சம் நிறுத்தினாள். "இது தேஞ்சி போச்சி. தெரியல எனக்கு."

"தெரியலன்னா தெரியலதான்," என்றார் அவர். "அத தனியா வை."